கல்யாண வீட்டு வயிற்றோட்டம்: மீன்காரம்மாவைக் குற்றம் சொல்லலாமா?

கருங்கல்காரன் | 2025 மே 15, காலை 7.40

அத்தை மகன் கல்யாணம் திங்கட்கிழமை, 12ஆம் தேதி. மண்டபத்தில் மதியம் ஒரு மணிக்குப் பந்தி. சோறு, மீன்குழம்பு, கோழி பொரிச்சது, வெங்காயப் பச்சடி, பாயசம். சைவக்காரங்களுக்குத் தனிப் பந்தி. செவ்வாய் ராத்திரி தொடங்கி ஒவ்வொரு வீடா சர்த்தியும் (வாந்தி) வயிற்றோட்டமும். எங்க வீட்லயும் படுத்துட்டாங்க. எல்லாரும் மீன்குழம்பைத்தான் சொல்றாங்க. குளச்சல் பக்கத்திலிருந்து வருஷக்கணக்கா எங்க தெருவுக்கு மீன் கொண்டுவர்ற அம்மாகிட்டதான் மொத்தமா ஏற்பாடு பண்ணினோம். பழைய மீனைத் தலையில கட்டிட்டாங்கன்னு மாமா மீதிப் பணம் தரமாட்டேங்கிறார். பழைய மீன்தான் காரணம்னு உறுதியா சொல்ல முடியுமா?

தக்கலை அக்கா | மே 15, காலை 9.15

சொல்ல முடியாது தம்பி. பழைய மீன் இல்லை என்பதற்கு நீங்கள் எழுதியதிலேயே சான்று இருக்கிறது. அரசு ஆய்வகத்தில் மலமும் தண்ணீரும் பரிசோதித்தே வேலைக்காலத்தைக் கழித்தவள் நான். இப்படி ஒரு செய்தி வந்தால் எங்கள் முதல் கேள்வி எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு முதல் ஆள் படுத்தார் என்பதுதான்.

மீன் கெட்டுப்போனால் அதில் ஹிஸ்டமின் சேரும். அது சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்க வைக்கும். பந்தி முடியும் முன்பே தெரிந்திருக்கும். சமைத்தவர் கையிலிருந்து ஸ்டெஃபைலோகாக்கஸ் விஷம் வந்திருந்தால் 1 முதல் 6 மணி நேரம். கிடாரத்தில் ஆறிக் கிடந்த இறைச்சியில் வளரும் குளோஸ்ட்ரிடியம் என்றால் பெரும்பாலும் 8 முதல் 12 மணி நேரம். உங்கள் வீட்டில் முப்பது மணி நேரம் தாண்டித் தொடங்கியிருக்கிறது. இந்த மூன்றும் கழிந்தது.

மாமாவிடம் பணத்தைப் பிடித்துவைக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

தக்கலை அக்கா | மே 15, காலை 9.40

அவசரமானதை விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்கும் முன் எழுதுகிறேன். படுத்திருப்பவர்களுக்கு ஓஆர்எஸ் கொடுங்கள். ஒரு பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. தம்ளரில் பாதிப் பொட்டலத்தைத் தட்டிக் கலக்குவது கூடாது, குழந்தைக்கு உப்பு ஏறிவிடும். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில் கலக்கி, 24 மணி நேரத்துக்குள் முடித்து, மிஞ்சியதைக் கொட்டுங்கள். சர்த்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். இளநீர் குடிக்கலாம், ஆனால் அதில் சோடியம் குறைவு, ஓஆர்எஸ்ஸுக்கு மாற்றாகாது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி அதைவிட நல்லது.

1971இல் வங்காளதேச அகதிகளுக்காக மேற்கு வங்கத்துப் போங்காவில் இருந்த முகாமில், வாந்திபேதி வந்தவர்களுக்கு ஏற்ற ஊசித் திரவம் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்து, உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது வரை போன சாவு 3.6 ஆகக் குறைந்தது. மண் தரையில் கிடந்தவர்களை மீட்ட மருந்து இது. மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள், விலை சொற்பம்.

சிறுநீர் குறைந்தால், குழந்தையின் கண் குழிந்தால், மலத்தில் ரத்தம் கண்டால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

தக்கலை அக்கா | மே 15, இரவு 8.30

தம்பி தனிச்செய்தியில் கேட்டது எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன். "டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்துட்டார், இனி என்ன சோதனை?" என்கிறார். இன்னும் மாத்திரை தொடங்காதவர் இருப்பார். அவரிடமிருந்து மாதிரி எடுக்கச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பாக்டீரியா தேட, வழியில் கிருமி சாகாமல் காக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் பஞ்சுக்குச்சி வைத்து அனுப்புவார்கள். வைரஸ் தேட சுத்தமான டப்பாவில் மலமே வேண்டும், ஐஸில் வைத்து.

மாதிரி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னையே உதாரணம். 1992இல் சென்னையில் வாந்திபேதி நோயாளிகளிடம் எடுத்த கிருமி, வழக்கமான ஓ1 வகையைக் காட்டிக்கொடுக்கும் சீரத்தோடு சேரவில்லை. வாந்திபேதிக் கிருமியான விப்ரியோ காலராவில் அப்படி ஒரு புது வகை கொள்ளைநோயாகப் பரவும் என்று அதுவரை யாரும் எண்ணியதில்லை. அதற்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். 1993இல் கல்கத்தா, வங்காளதேசம் என்று போய்விட்டது. நோயாளியைப் பார்த்ததோடு நின்றிருந்தால் அதுவும் இன்னொரு வயிற்றோட்டம் என்றே கழிந்திருக்கும்.

தக்கலை அக்கா | மே 16, காலை 6.50

இன்று ஒரு வேலை கொடுக்கிறேன். நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் போடுங்கள். பெயர், வயது, எந்தப் பந்தி, என்னென்ன சாப்பிட்டார், என்னென்ன குடித்தார், எப்போது தொடங்கியது, சர்த்தியா வயிற்றோட்டமா, எப்போது நின்றது.

நோய் வராதவர்களையும் எழுத வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். படுத்தவர்களை மட்டும் கேட்டால் எல்லாரும் மீன் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வார்கள். நம்ம ஊர்க் கல்யாணத்தில் மீன்குழம்பு தொடாமல் எழுந்திருப்பவர் எத்தனை பேர்?

கணக்குக்காகச் சொல்கிறேன், உங்கள் வீட்டு எண் அல்ல. மீன் சாப்பிட்ட 80 பேரில் 40 பேருக்கு நோய். படுத்த 50 பேரில் 40 பேர் மீன் சாப்பிட்டவர்கள் என்று பார்த்தால் மீன்தான் என்று தோன்றும். இப்போது மீன் சாப்பிடாத 20 பேரைப் பாருங்கள், அதில் 10 பேருக்கு நோய். அங்கேயும் நூற்றுக்கு ஐம்பது, இங்கேயும் நூற்றுக்கு ஐம்பது. மீன் வெளியே போய்விட்டது. இந்த ஒரு வகுத்தலைச் செய்யாமல் எத்தனை சமையல்காரர், எத்தனை மீன்காரம்மா, எத்தனை பால்காரர் பிழைப்பு போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறாது.

சென்னையில் தேசிய நோய்ப்பரவல் இயல் நிறுவனத்தில் இந்த வேலையையே படிப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே படித்தவர்கள் ஊர் ஊராகப் போய் இதே பட்டியலைத்தான் முதலில் போடுவார்கள்.

தக்கலை அக்கா | மே 16, மதியம் 2.10

"அக்கா மீனுக்கு வக்கீலா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். இல்லை. மீன் குற்றவாளியாகும் இடங்களும் உண்டு, அதையும் எழுதத்தான் வேண்டும்.

1950இல் ஜப்பானில் ஒசாகாவில் ஷிராசு என்ற பாதி உலர்ந்த பொடிச் சாளைக் குஞ்சு தின்று 272 பேருக்கு நோய், 20 பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த ஃபுஜினோ கண்டுபிடித்ததுதான் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். கடல்தண்ணீரிலேயே வாழும் கிருமி, சூடான கடலில் பெருகும். 1996இல் கல்கத்தாவில் தலையெடுத்த ஒரு வகை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. நாம் மீனை வேகவைக்காமல் தின்பதில்லை, கொதிக்கும் குழம்பில் அது நிற்காது. ஆனால் மீன் வெட்டிய அரிவாள்மணையிலேயே பச்சடிக்கு வெங்காயம் அரிந்தால் வந்துவிடும். அதனால் பட்டியலில் பச்சடிக்குத் தனிக் கட்டம் போடுங்கள்.

ஹிஸ்டமின் பற்றி இன்னும் கொஞ்சம். சூரை, அயலை, சாளை இந்த வகை மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்ததும் ஐஸில் வைக்காமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். எவ்வளவு கொதித்தாலும், பொரித்தாலும், கருவாடாக்கினாலும் அது அழியாது. பன்னாட்டு உணவு நெறித்தொகுப்பில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரைதான் அனுமதி. மணத்திலும் எப்போதும் தெரியாது. ஐஸ் ஒன்றுதான் காவல். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலில் கிடந்து கரைக்கு வருகின்றன. அந்த ஐஸுக்கு அவர்கள் செலவழிக்கும் காசைப் பார்த்தால், மீன் விலையைப் பற்றிப் பேரம் பேச நமக்கு வாய் வராது.

என் சித்தப்பாவுக்கு இளவயதில் சூரை தின்று உடம்பெல்லாம் தடித்தது. "உனக்கு மீன் ஆகாது" என்று ஒரு வைத்தியர் சொல்லிவிட்டார். கடப்புறத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு, சாகும்வரை மீன் தொடவில்லை. அது ஒவ்வாமையா, அன்றைய ஒரு மீனின் கோளாறா என்று யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. அதே மீனைத் தின்ற மற்றவர்களுக்கும் தடித்ததா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

தக்கலை அக்கா | மே 17, காலை 10.00

மயோனைஸ்தான் காரணமாக இருக்கும் என்று எழுதியவருக்கு: அந்தப் பந்தியில் மயோனைஸே இல்லை. பச்சை முட்டை மயோனைஸைத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தார்கள், சால்மொனெல்லா என்ற கிருமியின் பயம்தான் காரணம். சரியான முடிவு. 2022இல் காசர்கோடு செறுவத்தூரில் ஷவர்மா தின்ற ஒரு பெண்பிள்ளை இறந்தபோது சோதனையில் ஷிகெல்லா வந்தது. கடைக்குக் கடை வேறு கிருமி, வேறு வழி. முந்தின செய்தியில் படித்த கிருமியை அடுத்த ஊர்ப் பந்தியிலும் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டாம்.

தக்கலை அக்கா | மே 18, மாலை 5.20

தம்பியும் அவர் தங்கையும் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் போட்டுவிட்டார்கள். என் காலத்தில் சம்பளம் வாங்கியவர்களே சிலசமயம் இவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை. பெயர்களை மறைத்துப் படம் அனுப்பியிருக்கிறார். எனக்குத் தெரிவதைச் சொல்கிறேன்.

சைவப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே வந்திருக்கிறது. மீன்குழம்பும் கோழியும் பார்சல் கொண்டுபோன இரண்டு வீடுகளில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை வீட்டு வேன் டிரைவர் பந்திக்கே வரவில்லை, வாசலில் கொடுத்த எலுமிச்சை ஜூஸ் மட்டும் குடித்தார், படுத்துவிட்டார். பாட்டில் தண்ணீர் மட்டும் குடித்து, ஜூஸும் வேண்டாம் என்ற சர்க்கரைக்காரர்கள் பெரும்பாலும் தப்பித்திருக்கிறார்கள்.

மீனும் இல்லை, கோழியும் இல்லை, பச்சடியும் இல்லை. ஜூஸும் தண்ணீரும்.

நோயின் சாயலும் பொருந்துகிறது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்த்தி. தொடங்கியது ஒன்றரை நாள் அளவில். ஒன்று இரண்டு நாளில் நின்றுவிட்டது. காப்லான் என்ற ஆய்வாளர் 1982இல் வகுத்த அளவுகோலில் இதெல்லாம் வயிற்றைத் தாக்கும் நோரோவைரஸின் அடையாளம்: பாதிக்கு மேல் வாந்தி, 24 முதல் 48 மணி நேர இடைவெளி, 12 முதல் 60 மணி நேர நோய், மலத்தில் பாக்டீரியா காணாமை. நான்காவதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

பட்டியலின் கடைசிப் பக்கத்தைக் கவனித்தீர்களா? கல்யாணத்துக்கே வராத பாட்டிக்கும், கைக்குழந்தைக்கும் வியாழன், வெள்ளியில் தொடங்கியிருக்கிறது. வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியது. நோரோவைரஸ் சில பத்துத் துகள் உள்ளே போனாலே போதும். கையில் தேய்க்கும் சானிடைசர் இதற்குச் சரிப்படாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். சர்த்தி எடுத்த தரையைப் பிளீச்சிங் தண்ணீரால் துடையுங்கள். படுத்து எழுந்தவர் வயிறு நின்ற பிறகும் இரண்டு நாளுக்கு அடுக்களைப் பக்கம் போக வேண்டாம்.

தக்கலை அக்கா | மே 19, காலை 7.05

மாமா பணத்தைக் கொடுத்துவிட்டாராம். நேரில் போய், தெருவில் நாலுபேர் முன்னால் கொடுத்தாராம். பழியைத் தெருவில் சொன்னதால் அதையும் தெருவிலேயே சொல்ல வேண்டும் என்று தம்பியின் தங்கை நின்றிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு என் அன்பு. அந்த அம்மாவின் கடவத்தில் மூன்று நாளாக மீன் விற்காமல் திரும்பியிருக்கிறது என்பதையும் எழுதியிருந்தாள்.

தக்கலை அக்கா | மே 20, காலை 11.30

இனி தண்ணீர். மண்டபத்துக் கிணற்றுக்கும் கழிவறைக் குழிக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "பத்தடி பதினைஞ்சடி இருக்கும்" என்று பதில். குறைந்தது 15 மீட்டர் வேண்டும், அதாவது ஐம்பதடி. கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி நல்ல மழை பெய்தது, எல்லாருக்கும் நினைவிருக்கும். குழியில் நிறைந்தது சரள் மண்ணின் பொத்தல் வழியாகக் கிணற்றுக்கு இறங்க இதைவிட என்ன வேண்டும்?

இது அந்த மண்டபத்தின் கதை மட்டுமல்ல. விளவங்கோடு, கல்குளம் பக்கம் அஞ்சு சென்ட் மனையில் வீடு, கிணறு, குழி மூன்றும் இருக்கும். நம் கிணற்றை நம் குழியிலிருந்து விலக்கி வெட்டியிருப்போம், மதிலுக்கு அந்தப்பக்கம் அடுத்த வீட்டுக் குழி ஒட்டி இருக்கும். இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும் துலாவர்ஷம் என்ற வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் கிடைக்கும் மாவட்டம் நம் குமரி, கிணறு வருடத்தில் இரண்டு தடவை நிறைகிறது. "எங்க கிணத்து வெள்ளம் கண்ணாடி மாதிரி" என்பார்கள். தெளிவுக்கும் கிருமிக்கும் சம்பந்தமே கிடையாது.

சீரகத் தண்ணீர் குடித்தவர்கள் "கொதிக்கவைத்ததுதானே" என்று கேட்டிருக்கிறார்கள். பந்திக்கு முந்தி அரை மணி நேரத்தில் அவ்வளவு தண்ணீரை யார் ஆறவைப்பார்? கொஞ்சம் சீரகத்தைக் கொதிக்கவைத்து, அதில் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிக் கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவருவார்கள். நிறமும் மணமும் சூடும் இருக்கும், கொதித்த தண்ணீர் இருக்காது. கேரளத்தில் மஞ்சள்காமாலை பரவும்போதெல்லாம் சுகாதாரத் துறை முதலில் சொல்வது இதைத்தான்: கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரைக் கலக்காதே. ஹோட்டலில் உட்கார்ந்தாலும் கேளுங்கள்.

தம்பி, பஞ்சாயத்தில் எச்2எஸ் குப்பி இருக்கும், ஜல் ஜீவன் திட்டத்தில் கொடுத்தது. அதில் கோடுவரை கிணற்றுத் தண்ணீர் ஊற்றி மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு நாள் வையுங்கள். கறுத்தால் மலக்கலப்பு என்று பொருள். குவாலியரில் மாஞ்சாவும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 1982இல் வெளியிட்ட சோதனை. மின்சாரமில்லாத ஊரிலும் செய்யலாம் என்பதால் இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது.

தக்கலை அக்கா | மே 22, காலை 8.45

கறுத்துவிட்டது. 18 மணி நேரத்திலேயே.

இதைப் பிடித்துக்கொண்டு மண்டபக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். குப்பி சொல்வது கிணற்றில் மலக்கலப்பு இருக்கலாம் என்பதை மட்டும். மலம் இல்லாமலே கறுக்கவைக்கும் பாக்டீரியாவும் சில உண்டு, அதனால் ஆய்வகத்தில், குடலில் வாழும் பாக்டீரியாவான ஈ.கோலையின் எண்ணிக்கை பார்க்க வேண்டும். குடிநீரில் 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. தலைகீழாகவும் ஒன்று: குப்பி கறுக்கவில்லை என்பதால் வைரஸ் இல்லை என்று ஆகாது. குளோரினுக்கு ஈ.கோலை சீக்கிரம் சாகும், சில வைரஸ்கள் தாக்குப்பிடிக்கும்.

சுகாதார ஆய்வாளரிடம் குப்பியையும் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள். 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது, அதில் பதிவாகட்டும். படுத்தவர்களில் பாதிப்பேர் தனியார் கிளினிக்கில் ஆளுக்கொரு ஊசி போட்டு வீடு வந்தவர்கள். ஒரு கிளினிக்கில் ரெண்டு பேர், இன்னொன்றில் மூணு பேர் என்று சிதறினால் யாருக்கும் இது கொள்ளைநோயாகத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் போட்ட மதிப்பீட்டில் உணவு வழி நோய் ஆண்டுக்கு 60 கோடிப் பேருக்கு, சாவு 4,20,000. மதிப்பீடு என்று சொல்லக் காரணமே, எழுதப்படாதவர்கள் எழுதப்பட்டவர்களைவிட மிக அதிகம் என்பதுதான்.

தக்கலை அக்கா | மே 22, இரவு 9.10

பிளீச்சிங் பவுடர் எவ்வளவு என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கிணற்றின் குறுக்களவை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, நாலால் வகுங்கள். வருவது கன மீட்டர், ஒவ்வொன்றும் ஆயிரம் லிட்டர். இரண்டு மீட்டர் குறுக்களவு, மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் 9,420 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் ஏறக்குறைய 24 கிராம். கலப்பு தெரிந்த கிணறு என்றால் அதை இரட்டிப்பாக்குங்கள்.

வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்க விட்டு, மேல்நீரை மட்டும் கிணற்றில் இறக்கி வாளியால் நன்றாக அலசுங்கள். அரை மணி நேரமாவது விட்டு, மீதிக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பவுடர் புதிதாக இருக்க வேண்டும். 33 சதவீதக் குளோரின் என்பது மூடிய பையில்தான். நம்ம ஈரக்காற்றில் திறந்து கிடந்தால் வெறும் சுண்ணாம்பு. ஒரு கிலோவை அப்படியே தட்டுபவர்களும் உண்டு. அதன் நாற்றத்தில் வீட்டார் பக்கத்துவீட்டுச் சோதிக்காத கிணற்றுக்குப் போய்விடுவார்கள்.

தக்கலை அக்கா | மே 25, மாலை 4.00

"நம்ம தாத்தா பாட்டி இதே கிணத்து வெள்ளம் குடிச்சு நூறு வயசு இருந்தாங்க" என்று எழுதியவருக்கு நிதானமாகப் பதில் சொல்ல நினைத்துத் தள்ளிவைத்திருந்தேன்.

இருந்தவர்களை நாம் பார்த்தோம். இல்லாமல் போனவர்களைப் பார்க்கவில்லை. என் அம்மாவோடு பிறந்தவர்களில் இரண்டு பேர் வயிற்றோட்டத்தில் போனவர்கள், பெயர்கூட வைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

நம் மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியையும் சொல்ல வேண்டும். 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் அங்கே பல்லாண்டு அறுவை மருத்துவராக இருந்தார். தெற்குத் திருவிதாங்கூர் மக்களுக்குக் குடல்புண் ஏராளம், அறுத்து மாளவில்லை. அன்று சந்தேகம் சாப்பாட்டின் மேல் போனது. 1982இல் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் மார்ஷலும் வாரனும் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரியை வளர்த்துக் காட்டினார்கள், 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. குழந்தைப் பருவத்திலேயே வாய்வழி தொற்றும் கிருமி அது, நெருக்கடியான வீடும் அசுத்தமான தண்ணீரும் அதற்குத் தோது. தாத்தாவின் வயிற்றெரிச்சலை மரச்சீனிக் கிழங்கின் மேலும் மிளகாயின் மேலும் போட்டு எத்தனை தலைமுறை பேசியிருக்கிறோம்!

ஆனால் அவர் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது, அது அடுத்த கவலைக்குக் கொண்டுபோகிறது. பழைய ஆட்களுக்கு, மஞ்சள்காமாலை தரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் சிறுவயதிலேயே வந்துபோயிருக்கும். ஆறு வயதுக்குக் கீழே பெரும்பாலும் அறிகுறியே காட்டாது, ஆயுளுக்கும் எதிர்ப்பு கிடைத்துவிடும். இப்போது வீடு சுத்தம், பாட்டில் தண்ணீர். பிள்ளைகள் கிருமியைப் பார்க்காமலே இருபது, முப்பது வயது ஆகிவிடுகிறார்கள். அந்த வயதில் வந்தால் பெரும்பாலோருக்கு மஞ்சள்காமாலை. கேரளத்தில் இப்போது காமாலையில் படுப்பவர்களில் இளவட்டம் அதிகமாக இருப்பது இதனால்தான். சுத்தத்தைப் பாதிவழியில் நிறுத்தியதன் விலை இது. திரும்பி அசுத்தத்துக்குப் போவதா வழி, மீதிப் பாதியையும் முடிப்பதா?

தக்கலை அக்கா | மே 26, காலை 6.30

நேற்று எழுதியபிறகு தூக்கம் வரவில்லை. மலம் கலந்த தண்ணீரில் ஒரே ஒரு கிருமி மட்டும் இருக்கும் என்று நியதி இல்லை. வேகமாக வரும் கிருமியின் நோய் முதலில் தெரியும், மெதுவாக வருவது பிறகு. ஹெபடைட்டிஸ் ஏ 15 முதல் 50 நாள், சராசரி 28. மே 12இலிருந்து எண்ணினால் ஜூன் 9ஐ ஒட்டி.

ஜூஸ் குடித்த எல்லார் வீட்டுக்கும் தகவல் சொல்லிவைக்கச் சொல்லித் தம்பியைக் கேட்டிருக்கிறேன். பசியின்மை, காய்ச்சல், குமட்டல், மூத்திரம் கட்டன்சாயா (பால் ஊற்றாத டீ) நிறம் என்றால் அன்றே ரத்தச் சோதனை. பயமுறுத்துகிறேன் என்று கோபப்படுபவர்கள் கோபப்படட்டும்.

தக்கலை அக்கா | ஜூன் 11, காலை 8.00

மாப்பிள்ளையின் கல்லூரி நண்பர்கள் இருவருக்குக் கண் மஞ்சள். ஒருவர் மார்த்தாண்டம், ஒருவர் பாறசாலை. தம்பி இந்தப் பட்டியலை வைத்திருக்காவிட்டால் இரண்டு மாநிலத்தில் இருக்கும் இந்த இரண்டு பேரையும் ஒரே ஜூஸ் டம்ளரோடு யார் சேர்த்துப் பார்த்திருப்பார்?

புதுத் தொற்றைக் காட்டும் ஐஜிஎம் ரத்தச் சோதனையை ஹெபடைட்டிஸ் ஏ, ஈ இரண்டுக்கும் செய்யச் சொல்லுங்கள். ஏ மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. அந்த வீட்டில் மருமகள் மாசமாக இருக்கிறாள் என்று பட்டியலில் பார்த்தேன். ஈ வகை கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் ஐந்தில் ஒருவர், நாலில் ஒருவர் என்ற அளவுக்கு உயிர் போகும். 1955 முடிவில் டில்லியில் யமுனைத் தண்ணீரால் காமாலை கண்டவர்கள் 29,000 பேர். அது ஏ இல்லை என்று தெரியவே பல ஆண்டு ஆனது. அந்தப் பெண்ணுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் மகப்பேறு மருத்துவரிடம் இந்தத் தண்ணீர் விவரத்தை இன்றே சொல்லச் சொல்லுங்கள்.

காமாலை கண்டவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் ஹெபடைட்டிஸ் ஏ தடுப்பூசி போட்டால் பயன் உண்டு. மருத்துவரிடம் கேளுங்கள்.

கீழாநெல்லி குடிக்கலாமா என்ற கேள்வி வரும், வந்துவிட்டது. ஏ வகை பெரும்பாலும் தானே இறங்கிவிடும், அதனால் எதைக் குடித்தாலும் அது குணமாக்கியதாகத் தோன்றும். பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள். கள், சாராயம் வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலை அளவில்லாமல் விழுங்க வேண்டாம். பேச்சு குழறினால், பகலில் தூங்கி வழிந்தால், ஈறில் ரத்தம் கசிந்தால் வைத்தியர் வீட்டு வாசலில் காத்திருக்கக் கூடாது, நேரே பெரிய ஆஸ்பத்திரி.

தக்கலை அக்கா | ஜூன் 13, இரவு 7.45

குளத்தில் குளித்தால் மூளையைத் தின்னும் அமீபா வருமே, இதுவும் அதுவா என்று ஒருவர். அல்ல. நெக்லேரியா மூக்கு வழியாகத்தான் ஏறும், குடிப்பதால் வராது. குளத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூழ்குங்கள், கலங்கின வெயில்காலக் குளத்தில் பிள்ளைகளைக் குதிக்க விடாதீர்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் எழுதுகிறேன்.

தக்கலை அக்கா | ஜூன் 20, மாலை 6.15

முடிவுகள். காமாலைக்காரர்கள் இருவருக்கும் ஹெபடைட்டிஸ் ஏ ஐஜிஎம் உண்டு, ஈ இல்லை. மருமகளுக்கு இரண்டும் இல்லை, இரண்டாவது தடவையும் பார்த்தாயிற்று. அந்தச் செய்தி வந்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது, முகம் பார்த்திராத பெண்தான்.

மே மாதம் எடுத்த மல மாதிரிகளில் பாக்டீரியா எதுவும் வளரவில்லை. வைரஸ் சோதனைக்கு ஒன்றும் அனுப்பவில்லை, டப்பாவை ஐஸில் கொண்டுபோக ஆளில்லை என்றார்களாம். அதனால் முதல் அலை நோரோவைரஸ் என்று நான் சொல்வது சாயலை வைத்து மட்டும். நிரூபணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு ஐஸ் பெட்டிக்கு ஆள் இருந்திருந்தால் நிரூபணம் கிடைத்திருக்கும். மாவட்டத்தில் இவ்வளவு ஐஸ் இருக்கிறது.

கிணற்றுத் தண்ணீரில் ஈ.கோலை வந்திருக்கிறது. ஆய்வாளர் வந்து பார்த்து, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் ஜூஸுக்கும் எடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மண்டபக்காரர் குழியை மாற்றிக் கட்ட ஒத்துக்கொண்டார். வேலை முடியும்வரை குழாய்த் தண்ணீர். அவரையும் யாரும் ஊரில் தூற்ற வேண்டாம், கேட்டதும் மூடியைத் திறந்து காட்டினார்.

தக்கலை அக்கா | ஜூன் 24, காலை 7.20

தம்பி, பட்டியலை மூடிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் இல்லை. மே 12இலிருந்து ஐம்பதாவது நாள் ஜூலை 1. அதுவரை புதிதாக யாருக்காவது கண் மஞ்சளானால் பெயரும் தேதியும் சேர்த்து எழுதுங்கள். காமாலை கண்டவர் வீட்டில் அதற்குப் பிறகு வந்தால் வேறு மையில் எழுதுங்கள், அது இரண்டாம் சுற்று. ஜூலை 2 அன்று ஒரு நகல் சுகாதார ஆய்வாளருக்கு, ஒரு நகல் மண்டபக்காரருக்கு. தங்கையிடம் சொல்லுங்கள், கையெழுத்து அவளுடையதாகவே இருக்கட்டும்.